தங்கச்சி கேம்பஸ் பார்க்க வருகிறாள்

ஜனவரி 20, திங்கள்

மாலையில் அம்மா போன் செய்தாள். சித்தி மகள் வர்த்தினி இந்த மாதக் கடைசியில் எங்கள் பல்கலைக்கழகத்தின் ஓப்பன் டேக்கு வருகிறாளாம். வெள்ளி, சனி, ஞாயிறு. இங்கே விண்ணப்பிக்க நினைப்பவர்கள் வந்து தங்கி, சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம். பெண்கள் விடுதியிலேயே அறை தருகிறார்கள்.

"உங்கூடவேதான் சுத்துவேன்னு சொல்லிட்டாய்யா. நீ போற எடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போ. உன் கூட்டாளிகளையெல்லாம் காட்டு" என்றாள் அம்மா.

சரி என்றேன். வேறென்ன சொல்வது.

இங்கே ஒரு விளக்கம் எழுதி வைக்க வேண்டும். ஆகஸ்டில் நான் சேர்ந்த புதிதில் அம்மா போனில் அழுதுகொண்டே இருந்தாள். கோவில்பட்டியிலிருந்து கோயம்புத்தூர் என்ன அமெரிக்காவா? ஆனாலும் அழுதாள். எனக்கு நிறைய நண்பர்கள் இருக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னேன். அழுகை நின்றது. அடுத்த ஞாயிறு, விடுதியில் எல்லோரும் என்னைத் 'தலைவா' என்று கூப்பிடுவதாகச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர் ஆனேன். தீபாவளி தாண்டியதும், இயற்பியல் பேராசிரியை லலிதாம்பிகை மேடம் நான் இல்லாமல் மாலை டீ குடிப்பதில்லை என்கிற அளவுக்குப் போய்விட்டது.

இவற்றைப் பொய் என்று சொல்ல மாட்டேன். நடக்க வேண்டியவற்றைக் கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன்.

மற்றபடி, தனியாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். அம்மாவுக்கு அதைப் புரியவைக்க முடியாது.

ஜனவரி 21, செவ்வாய்

வர்த்தினியே பேசினாள். சாத்தூரில் பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளியில் எப்போதும் முதல் இடம். அவளுக்கு இப்போது இரண்டு இடங்களுக்கிடையே போட்டி: எங்களுடையது ஒன்று, ஹைதராபாத்தில் இருப்பது இன்னொன்று. இரண்டும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதி, சிலருக்கு மட்டும் கிடைக்கிற இடங்கள். இரண்டின் நுழைவுத் தேர்வும் ஒரே நாளில் வருகிறது. ஆகவே ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். பிப்ரவரி பதினைந்து கடைசி நாள். ஹைதராபாத்தைப் பொங்கல் விடுமுறையிலேயே பார்த்துவிட்டாளாம்.

"பாடத்திட்டம் வேணும்னா அனுப்புறேன்" என்றேன்.

"அதெல்லாம் வெப்சைட்ல இருக்குண்ணே. ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு வேற தெரியணும். உங்க மெஸ்ல யாரு யார்கூட உக்காந்து சாப்பிடுவாங்க?"

"எல்லாரும் எல்லார்கூடவும்."

"மார்க் கொறஞ்சா யார்கிட்ட சொல்லுவீங்க?"

"அதுக்குக் கூட்டமே வந்துரும்."

"கிளாஸ்ல புரியலன்னு சொன்னா சிரிப்பாங்களா?"

"சேச்சே."

நன்றாகத்தான் பதில் சொன்னேன். இப்படியெல்லாம் ஒரு பெண் கேட்பாள் என்று யார் கண்டது?

ஜனவரி 22, புதன்

மெஸ்ஸில் காலை பொங்கல். தனியாகச் சாப்பிட்டால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எவ்வளவு வசதி.

ஜனவரி 24, வெள்ளி

மழைக்காலத்தில் எங்கள் விடுதிக்குள் பாம்பு வரும் என்று வர்த்தினிக்குச் செய்தி அனுப்பினேன். "என்ன பாம்பு?" என்று கேட்டாள். யோசித்து, கட்டுவிரியன் என்றேன். ஹைதராபாத் வளாகத்தில் மலைப்பாம்பே இருப்பதாகச் சொன்னார்களாம். அவளுக்கு இரண்டும் சம்மதமாம்.

தண்ணீர்ப் பஞ்சம் என்றேன். "சாத்தூர்க்காரிகிட்ட சொல்றியே" என்று பதில் வந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

வேறு வழியில்லை. மூன்று நாட்களுக்கு நண்பர்கள் வேண்டும்.

கொடியேற்றத்தில் கொடுத்த லட்டோடு பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே டென்சில் இருக்கிறான். தூத்துக்குடிக்காரன், நாடகக் குழுவில் இருக்கிறான். நாங்கள் கடைசியாகப் பேசியது செப்டம்பரில். என் வாளியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். எடுத்துக்கொள் என்றேன்.

கதவைத் திறந்ததும், "லேய், நீயா?" என்றான். பிறகு, "உள்ள வா" என்று நாற்காலியில் கிடந்த துணிகளைக் கட்டிலுக்குத் தள்ளினான்.

விஷயத்தைச் சொன்னேன். லட்டைத் தின்றுகொண்டே கேட்டான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. வேலை கிடைத்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்ப நான் உனக்கு யாரு?"

"நெருங்கின ஃப்ரெண்டு."

"எவ்ளோ நெருக்கம்? நோட்ஸ் குடுக்குற அளவா, சட்டைய மாத்திப் போட்டுக்குற அளவா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுல நடிக்கிறது கஷ்டம் மக்கா. சட்டையே வச்சுக்குவோம்."

என் அறைக்கே வந்து கொடியில் காய்ந்த நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான். என்னிடம் இருப்பதிலேயே நல்ல சட்டை அது.

ஜனவரி 28, செவ்வாய்

என் அறையில் ஒத்திகை. டென்சில் எங்கள் மாடியில் பாதிப் பேரைக் கூட்டி வந்துவிட்டான். உட்கார இடமில்லாமல் ஜன்னல் மேலெல்லாம் ஏறிக்கொண்டார்கள்.

"கூட்டாளின்னா இவனப் பத்தி நாலு விஷயம் தெரிஞ்சிருக்கணும். கேளுங்கலே" என்றான்.

கேட்டார்கள். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், ராத்திரி விளக்குப் போட்டுக்கொண்டே தூங்குகிறானே, ஏன் என்றெல்லாம். கடைசிக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிவதை இவர்கள் ஏன் கவனிக்க வேண்டும்? ஒத்திகைக்காகப் பதில் சொல்லிவைத்தேன். எதிர் அறைக்காரன், "நானும் அப்படித்தான்டா. எனக்கும் இருட்டுன்னா ஆகாது" என்றான். அதற்குப் பிறகு எல்லோரும் அவரவர் பயங்களைச் சொல்ல ஆரம்பித்து, ஒத்திகை எங்கேயோ போய்விட்டது.

மதியம் வேதியியல் ஆய்வகத்தில் நஸ்ரினிடமும் கேட்க வேண்டியிருந்தது. ஆம்பூர்ப் பெண். முதல் செமஸ்டரிலிருந்து ஒரே மேசையில் என்னோடு சோதனை செய்கிறவள். டென்சில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான்.

"இத்தன மாசம் எங்கிட்ட பேசாதவன், இப்ப என்னைச் சிரிச்சுப் பேசுற ஃப்ரெண்டா நடிக்கச் சொல்றியா?" என்றாள்.

"மூணு நாள்தான்."

"உனக்குத் திமிருன்னு நெனச்சுட்டு இருந்தேன், தெரியுமா? பர்னர் வேணுமான்னு கேட்டாக்கூட தலைய மட்டும் ஆட்டுவ."

"என்ன பேசுறதுன்னு தெரியல."

"இத ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். சற்றுப் பொறுத்து, "சரி, நடிக்கிறேன். ஆனா உன் ஜோக்குக்கெல்லாம் சிரிக்க மாட்டேன்" என்றாள்.

இன்றைய அளவுகள் எல்லாமே தப்பு. பியூரெட் சரியில்லை.

ஜனவரி 30, வியாழன்

நாளை வருகிறாள். ஒத்திகை முடிந்தும் ஒருவனும் என் அறையை விட்டுப் போகவில்லை. படிக்கவே முடியவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

சித்தப்பா அவளை வாசலில் விட்டுவிட்டு, காந்திபுரத்தில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார்.

மதியம் மெஸ்ஸுக்குள் நுழைந்ததும் ஒரு மேசை முழுக்க எழுந்து நின்று "வா தலைவா" என்றது. எழுந்து நிற்கும்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. டென்சில் என் நீலச் சட்டையில் ஓடி வந்து தோளில் கை போட்டான்.

"தங்கச்சி, இவன் இல்லாம எங்களுக்குச் சோறு எறங்காது. நேத்து இவனுக்குத் தலைவலி. பிளாக்கே பட்டினி."

போதும் என்று கண்ணால் காட்டினேன். அதையும் பாசம் என்று எடுத்துக்கொண்டு கன்னத்தைக் கிள்ளினான்.

ஆனால் சாப்பாட்டு நேரம் நன்றாகவே போனது. நான் ஒரு ஜோக் சொன்னேன். மேசையே குலுங்கிச் சிரித்தது. எனக்கே தெரியாமல் எனக்கு இப்படியொரு திறமை இருந்திருக்கிறது. நஸ்ரின் மட்டும் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு ஆபத்து வந்தது. இயற்பியல் கட்டடத்தின் நடையில் லலிதாம்பிகை மேடம் எதிரே வந்தார். வகுப்பில் எண்பது பேர். என் பெயர் அவருக்குத் தெரியவே தெரியாது. நான் திரும்புவதற்குள் வர்த்தினி நேராகப் போய் நின்றுவிட்டாள்.

"வணக்கம் மேடம். நான் இளம்பரிதியோட தங்கச்சி. தெனம் சாயங்காலம் உங்களோட டீ குடிப்பான்ல, அவன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஆமா. சக்கரைதான் ரொம்பப் போட்டுக்கறார். வீட்ல சொல்லி வைங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அறைக்கு வந்து இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தேன். வெயிலில் அலைந்ததால் இருக்கும்.

பிப்ரவரி 1, சனி

காலையில் கால்பந்து. அணித் தலைவனிடம் டென்சில் கெஞ்சி, இரண்டு விடுதிகளுக்கிடையே ஒரு நட்பு ஆட்டம் ஏற்பாடு செய்து, என்னைக் கோலில் நிறுத்திவிட்டான். கையுறை எந்தக் கைக்கு எது என்றே எனக்குப் பிடிபடவில்லை.

முதல் கோல் கால்களுக்கு நடுவே போனது. இரண்டாவது கோலின்போது நான் இடப்பக்கம் விழுந்தேன். பந்து வலப்பக்கம் போனது. மொத்தம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் எங்கள் மாடிக்காரர்கள் எழுந்து கைதட்டி, "தலைவா, என்ன டைவ்" என்று கத்தினார்கள்.

"கோல் விழுந்தாலும் கைதட்டுறாங்களேண்ணே" என்றாள் வர்த்தினி.

"இங்க கல்ச்சரே அப்படித்தான்" என்றேன்.

தலையாட்டினாள். இவள் எதையும் குறித்து வைத்துக்கொள்வதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது.

மதியத்துக்குப் பிறகு அவளும் நஸ்ரினும் எங்கோ போய்விட்டார்கள். எங்கே போனார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு நஸ்ரின், "பொண்ணுங்க விஷயம்" என்று முடித்துவிட்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்து மணிக்கு ஜூஸ் கடையில் இன்னொரு கண்டம். வர்த்தினி திடீரென்று பக்கத்தில் நின்ற யாரோ ஒரு மூன்றாமாண்டு அண்ணனிடம், "உங்களுக்கு இளம்பரிதியத் தெரியுமா?" என்று கேட்டாள். அவரை நாங்கள் தயார் செய்யவில்லை. அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

"யாரு?" என்றார் அவர். அவளுக்குப் பின்னால் டென்சில் கையைக் கூப்பி, என்னைச் சுட்டி, பிறகு வானத்தைச் சுட்டி, ஏதேதோ சைகை செய்தான். அந்த அண்ணன் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாத்துக்குடி ஜூஸை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

"ஓ, நம்ம பரிதியா? இவனத் தெரியாதவங்க இருப்பாங்களா?" என்றார்.

போகும்போது என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். வலித்தது. தேவலை.

பிப்ரவரி 2, ஞாயிறு

இதை எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலை பதினோரு மணிக்கு அவளைக் காந்திபுரம் பஸ் ஏற்றிவிட வாசல் நிறுத்தத்துக்குப் போனேன். பஸ் வர நேரமிருந்தது. சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தோம்.

"டென்சில் அண்ணனுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிருண்ணே. ரொம்ப மெனக்கெட்டாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நடிச்சதுக்கு."

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

"நஸ்ரின் சொல்லிட்டாளா?"

"அவங்க வாயே தெறக்கல. வெள்ளிக்கிழம மதியச் சாப்பாட்டுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ ஒரு ஜோக் சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. நம்ம குடும்பத்துல உன் ஜோக்குக்கு ஒருத்தர் சிரிச்சு நான் பாத்ததில்ல."

அது அவ்வளவு மோசமான ஜோக் இல்லை. ஆனால் அதைப் பேசும் நேரமாக அது இல்லை.

"அப்ப ஹைதராபாத்துக்கே போடு. அங்க எல்லாம் நெசமா இருக்கும்" என்றேன்.

"அங்க எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. லைப்ரரி அவ்ளோ பெருசு. நான் வேணும்னே வழி தெரியாத மாதிரி நின்னு பாத்தேன். எல்லாரும் மரியாதையா நின்னு, போன்ல மேப்பக் காட்டிட்டுப் போனாங்க. ஒருத்தரும் கூட வரல." தோள்பையின் வாரை இழுத்து இழுத்து விட்டாள். "இங்க ஒருத்தனுக்காக ஒரு ஹாஸ்டலே பொய் சொல்லுது. அந்த மேடம் சொல்றாங்க. ஜூஸ் குடிக்க வந்தவங்க சொல்றாங்க. இப்படி ஒரு காலேஜ நான் எங்க போய்த் தேடுறது?"

அப்போது சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அவள் ஐந்து வருடம் இருக்கப்போகும் இடம்.

"அத வச்சு முடிவு பண்ணாத, வர்த்தினி. ஆகஸ்ட்ல இருந்து போன வாரம் வரைக்கும் நான் இங்க யார்கிட்டயும் பேசுனதில்ல. சேந்தாப்ல ரெண்டு வார்த்தகூடப் பேசுனதில்ல. மெஸ்ல தனியாத்தான் உக்காருவேன். அதுவும் இதே காலேஜ்தான். அதையும் சேத்துக்கோ."

எதிர்ப்பக்கம் தர்ப்பூசணி வண்டிக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கூல்ல எனக்கும் ஆளு கெடையாதுண்ணே. ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குறவகிட்ட நோட்டு மட்டும்தான் கேப்பாங்க. குடுத்துட்டா போயிருவாங்க. அதனாலதான் உன்கிட்ட அந்தக் கேள்வியெல்லாம் கேட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. இங்க உன்ன யாராச்சும் ஒதுக்குனாங்களா, இல்ல நீயா கதவச் சாத்திக்கிட்டியா?"

பஸ் வந்துவிட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

வகுப்பு முடிந்ததும் லலிதாம்பிகை மேடம், "இளம்பரிதி, நாலு மணிக்கு என் ரூமுக்கு வாங்க" என்றார். பெயரை எங்கே கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

போனேன். டீ ஊற்றினார். சர்க்கரை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கேன். அத அப்படியே விட்டா எனக்கு உறுத்தும். சொல்லுங்க, இத்தன மாசமா நாம எதப் பத்திப் பேசிட்டிருந்தோம்?"

"அலைகள் பாடம் மேடம். எனக்குப் புரியல."

"அது நவம்பர்லயே முடிஞ்சுபோச்சே."

"ஆமா மேடம்."

அவர் சிரிக்கவில்லை. தாளும் பேனாவும் எடுத்தார். ஆறு மணிக்குத்தான் வெளியே வந்தேன். புரிந்தது. முழுவதும் இல்லை, ஆனால் எது புரியவில்லை என்பது புரிந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொன்னார்.

பிப்ரவரி 5, புதன்

மூன்று நாள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று டென்சிலுக்கு நினைவூட்டினேன். "எந்த ஒப்பந்தம்?" என்று கேட்டுவிட்டு, என் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மா பேசினாள். குரலில் அவ்வளவு பெருமை.

"ஏழு கோலத் தடுத்தியாமேய்யா? வர்த்தினி வந்து சொல்லிச் சொல்லி மாயுறா. அடி கிடி படலயே?"

முழங்கையில் லேசாகச் சிராய்ப்பு என்றேன். அது உண்மை.

பிப்ரவரி 15, சனி

வர்த்தினியின் செய்தி: "போட்டாச்சு. உங்க காலேஜ்தான்."

நான் பதில் அனுப்புவதற்குள் இன்னொன்று வந்தது: "பரிட்சையில தேறி வந்தேன்னா, உன் தங்கச்சின்னு யார்கிட்டயும் சொல்லிராத. எனக்கு நானே ஆளு பிடிச்சுக்கிறேன். முடியலன்னா மட்டும் டென்சில் அண்ணன் நம்பர் குடு."

நஸ்ரினிடம் காட்டினேன். சிரித்தாள். என் ஜோக் இல்லை என்பதால் பரவாயில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஒரு வாரமாக எழுதவில்லை. காரணம் ஒன்றுமில்லை.

இன்று காலை கீழ்மாடியிலிருந்து ஒருவன் வந்தான். கரிகாலன் என்று பெயர், தர்மபுரிப் பக்கம். வகுப்பில் கடைசி வரிசையில் பார்த்திருக்கிறேன். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

"உங்ககிட்ட ஆளுங்க இருக்காங்கன்னு சொன்னாங்க" என்றான்.

"என்ன ஆளுங்க?"

"ஃப்ரெண்ட்ஸ். எங்கம்மா சொல்லாமக் கொள்ளாம வந்துட்டாங்க. கேட்ல நிக்கறாங்க."

டென்சில் தூங்கிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் மைதானத்துக்குப் போயிருந்தார்கள்.

"எத்தன பேர் வேணும்?" என்று கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்தான். "ஒருத்தர் போதும்" என்றான்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். படியிறங்குவதற்குள் அவனுக்கு எத்தனை தங்கைகள், அப்பா என்ன வேலை, அம்மாவுக்கு எந்தக் காது சரியாகக் கேட்காது என்றெல்லாம் விசாரித்துக்கொண்டேன். மூன்று பேரும் வளாகத்தைச் சுற்றினோம், மெஸ்ஸில் சாப்பிட்டோம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் வாயத் தொறந்து பேச மாட்டானே தம்பி, உன்கிட்ட பேசறானா?" என்று கேட்டார்.

"நிறுத்தவே மாட்டேங்கறான்மா" என்று வலது காதருகே சத்தமாகச் சொன்னேன்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு கரிகாலன் நேராக என் அறைக்கு வந்து உட்கார்ந்தான். இதை எழுதும்போதும் எதிரே உட்கார்ந்து தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே பஸ் நிற்கும் ஒவ்வொரு ஊரைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் அவன் அம்மாவிடம் பொய் சொல்லவில்லை போலிருக்கிறது.

அவர் கொடுத்துவிட்டுப் போன நிப்பட்டு, எங்கள் ஊர்த் தட்டை மாதிரிதான், ஒரு பை நிறைய இருக்கிறது. டென்சில் எழுந்து வருவதற்குள் பாதியையாவது ஒளித்துவைக்க வேண்டும்.